எத்தனை விட்டாய்?

விடாக்கண்டி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் கார்டுக்காரர். கோபத்தில் வைத்த பெயர்தான், ஆனால் அலுவலகம் முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள், நான்கு பேர். முதலாளி, ஊர் ஊராகப் போய் விற்றுவரும் விற்பனைக்காரர், கணினிக்குள் செருகுகிற கார்டைச் செய்யும் கார்டுக்காரர், அந்தக் கார்டுக்கு லைப்ரரி எழுதும் இவள். உள் அறையில் கார்டுகளுக்கு ஏ.சி. உண்டு. வெளி அறையில் மனிதர்களுக்கு ஒரு ஜன்னல் உண்டு, அதுவும் பாதிதான் திறக்கும்.

லைப்ரரி எழுதுகிறாள் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லப்போய், எதிர்வீட்டு அம்மா வாரப் பத்திரிகைகள் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினாள். அந்த லைப்ரரி இல்லை, இது கம்பியில் போகிற பாக்கெட்டைப் பிடிக்கிற லைப்ரரி என்று இவள் விளக்கினாள். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாக்கெட் அடிக்கிற வேலைன்னு வெளியில சொல்லிடாதே" என்றாள். அதற்குப் பிறகு இவள் யாருக்கும் விளக்கப் போகவில்லை. நமக்கு மட்டும் ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

கம்பியில் எந்தச் செய்தியும் முழுதாகப் போவதில்லை. முகவரி ஒட்டிய சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும், அவைதான் பாக்கெட்டுகள். ஏதாவது கோளாறு என்றால், எது போனது, எது வந்தது, எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்குப் போகிற பாக்கெட்டை நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, நேரம் குறித்து, கேட்கிற மென்பொருளின் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பது லைப்ரரியின் வேலை. கூட்டம் குறைவாக இருந்தால் சாதாரணக் கணினியே நகல் எடுத்துவிடும். கூட்டம் கூடினால் திணறி, பாதியைக் கைவிட்டுவிடும். அதனால்தான் தனிக் கார்டு. தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வருவதையெல்லாம் நேரே அங்கே கொண்டுபோய்ப் போடும். லைப்ரரி ஒரு பக்கம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்கத் தாமதமானால் இடம் நிரம்பிவிடும், அடுத்து வருகிற பாக்கெட்டுகள் போக்கிடம் இல்லாமல் விழுந்து தொலையும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பிடித்ததைப் பற்றித்தான் பெருமை பேசுவார்கள். இவளுக்கு விட்டதைப் பற்றித்தான் கவலை. இதற்கு முன் ஒரு கல்லூரியின் கணினி அறையில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த பாக்கெட் நகல் கருவி பாதியை விட்டுவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தது. இல்லாத கோளாறைத் தேடி ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கினாள். கடைசியில் உண்மை தெரிந்தபோது அந்தக் கருவியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் என்று கை பரபரத்தது. அது கல்லூரிச் சொத்து என்பதால் விட்டாள். ஆகவே இங்கே வந்து லைப்ரரியை எழுத உட்கார்ந்ததும், முதலில் எழுதியது பாக்கெட்டைப் பிடிக்கிற பகுதியை அல்ல. கார்டைப் பார்த்து "எத்தனை விட்டாய்?" என்று கேட்கிற பகுதியை. பிடிக்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் விட்டதற்குக் கணக்கா என்று விற்பனைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார்டுக்காரரோடு அவளுக்கு நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. பெயர் வைத்த சண்டை கடிகாரத்தைப் பற்றியது. எப்போதாவது ஒரு பாக்கெட், தனக்கு முன்னால் வந்ததைவிட முந்திய நேரத்தைச் சுமந்துகொண்டு வந்தது. பிள்ளை பிறந்த பிறகு அப்பன் பிறந்த கதை. கேபிள் கோளாறு என்றார் அவர். கேபிளை மாற்றினாள். கணினி கோளாறு என்றார். கணினியை மாற்றினாள். உங்கள் லைப்ரரிதான் கோளாறு என்றார். லைப்ரரியை ஒதுக்கிவைத்துவிட்டு, கார்டு எழுதிய இடத்தை நேரடியாகத் திறந்து, இதோ பாருங்கள் என்று காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "சரியான விடாக்கண்டி நீங்க" என்றார். பிறகு கடிகாரத்தைச் சரிசெய்தார். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். அப்படியானால் முதலாளி யார் என்று புருஷன் கேட்டதற்கு, கொடாக்கண்டன் என்றாள். ஆனால் அதை வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

இன்னும் வேகமான புதிய கார்டு ஒன்றைச் செய்தார்கள். கடிகாரம் இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்று விற்பனைக்காரர் பிடிவாதம் பிடித்தார். கார்டின் மூளையாக இருக்கும் சில்லில் இடம் போதவில்லை. கார்டுக்காரர் எதை எடுப்பது என்று தேடி, விட்டதை எண்ணுகிற எண்ணியை எடுத்துவிட்டார். அதை டீ குடிக்கும்போது, ஏதோ மேசையை நகர்த்திப் போட்டேன் என்கிற மாதிரி சொன்னார்.

"அப்போ எத்தனை விட்டோம்னு கார்டுக்கே தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாதுதான். ஆனா விடாது."

விடாது என்று யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டாள். டீ ஆறிப்போனது. அவளுடைய பயம் வேறு. லைப்ரரி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால், பதில் வந்து விழவேண்டிய இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கும். துடைத்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். கார்டு அங்கே எதுவும் எழுதாமல் போனால் அந்தப் பூஜ்யம் அப்படியே நிற்கும். படிக்கிறவனுக்கு அது, ஒன்றையும் விடவில்லை என்று கார்டு சத்தியம் செய்கிற மாதிரி இருக்கும். கார்டோ வாயே திறந்திருக்காது. இதைவிடச் சுத்தமான பொய் உலகத்தில் கிடையாது. பொய் சொன்னவன் என்று கைகாட்டக்கூட ஆள் இருக்காது. எனவே இந்தக் கார்டைக் கேட்டால் பூஜ்யம் வரக்கூடாது, "தெரியாது" என்றே திரையில் வர வேண்டும் என்று அவள் எழுதிவைத்தாள்.

வாங்க வந்தவர்கள் அந்த வார்த்தையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். விற்பனைக்காரர் ஓடிவந்து முதலாளியின் காதைக் கடித்தார். முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார்.

"தெரியாதுன்னு சொல்ற மெஷினை யாரும்மா வாங்குவாங்க?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்ற மெஷினை நான் செய்ய மாட்டேன் சார்."

முதலாளி அவளையே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டை அடகு வைத்து முதல் கார்டைச் செய்தவர். ஆனால் பயந்தவர். பயந்த மனிதன் சில சமயம் கெட்டவனைவிட அதிகக் காரியம் செய்துவிடுவான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் புருஷனுக்கு உடம்புக்கு வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்றார். சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். என்ன ஆச்சு என்று கேட்டால் ஒண்ணுமில்ல. நம்மில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தானே. கண் சிவந்து உட்கார்ந்திருப்பவளைக் கேட்டாலும் ஒண்ணுமில்ல, கையில் கட்டோடு வருகிறவனைக் கேட்டாலும் ஒண்ணுமில்ல. கடைசியில் ஒரு மத்தியானம், சரிசெய்துகொண்டிருந்த லிஃப்டுக்குள்ளேயே அவர் சுருண்டு விழுந்தார். குடல்வால் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, பிழைத்துக் கண்விழித்த புருஷனைப் பார்த்து அவள் முதலில் சொன்னது, "இனிமே ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்கன்னா நானே கொன்னுடுவேன்" என்பதுதான். சொல்லிவிட்டு அழுதாள்.

விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது, திரையில் "தெரியாது" இருந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. முதலாளி சொல்லி, கார்டுக்காரர் அந்த ஒரு வரியை எடுத்திருந்தார். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை, ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் யாரிடமும் கேட்காமல் வரியைத் திரும்ப எழுதிவிட்டு முதலாளியிடம் போனாள். பூஜ்யம் காட்டுகிற லைப்ரரி, கார்டோடு சேர்ந்து, ஏற்கெனவே ஓர் இடத்துக்குப் போய்விட்டது என்றார் அவர். ஆம்புலன்ஸ்களுக்கு அழைப்பு வாங்கி அனுப்புகிற கட்டுப்பாட்டு அறைக்கு. திருத்தியதை உடனே அனுப்புங்கள் என்றாள். அனுப்பலாம் அனுப்பலாம் என்றார். பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். அதே பதில்தான் வந்தது. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம்.

பிறகு ஒரு நாள் அந்தக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கடிதம் வந்தது. விஷயம் இதுதான். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவருக்காக யாரோ அழைத்திருக்கிறார்கள். அழைப்பை எடுத்த பெண் விலாசத்தைக் கேட்டு எழுதியிருக்கிறாள், ஆனால் அது எந்த வண்டிக்கும் போய்ச் சேரவில்லை. பெரியவரைக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடகை வண்டியில் கொண்டுபோனார்கள். நான் அனுப்பினேன், பொத்தானை அழுத்தினேன் என்கிறாள் அந்தப் பெண். கார்டு எடுத்த நகலில் அவள் அனுப்பியதாக ஒரு பாக்கெட்டும் இல்லை. கார்டு எத்தனை விட்டது என்று பார்த்தால் பூஜ்யம். ஒன்றையும் விடாத கார்டிடம் அது இல்லையென்றால் அவள் அனுப்பவே இல்லை என்றுதானே அர்த்தம்? அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணையில் அந்தப் பூஜ்யத்தை உறுதிசெய்ய, லைப்ரரி எழுதியவர் வர வேண்டும்.

அவள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவள் பயந்துவிட்டதாக முதலாளி நினைத்துக்கொண்டு, கவலைப்படாதே, நானும் கூட வருகிறேன், திரையில் இருப்பதைப் படித்துச் சொன்னால் போதும் என்றார். திரையில் இருப்பது கார்டு சொன்னது இல்லையே என்றாள். அதையெல்லாம் அங்கே கேட்கமாட்டார்கள் என்றார்.

"கேக்கலைன்னாலும் சொல்லுவேன் சார்."

"சொன்னா இந்தக் கார்டை அப்புறம் ஒருத்தன் தொடமாட்டான். கம்பெனியை மூடிட்டுத்தான் போகணும். யோசிச்சுக்கோ."

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் தையல் ஆறாத வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு கேட்டார். நமக்கெதற்கு ஊர்வம்பு என்றார் முதலில். வேலை போய்விட்டால் என்ன செய்வது, நானும் படுத்துக்கிடக்கிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்தப் பெண் உண்மையிலேயே அனுப்பியிருப்பாளா என்று கேட்டார். தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாள். மாமியார் அடுப்படியிலிருந்து, தெரியாத விஷயத்துக்கு ஒருத்தி சோற்றில் மண்ணைப் போடுவார்களா என்று கேட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் ஊர்வம்பு என்று சொல்லவில்லை.

விசாரணை கட்டுப்பாட்டு அறையின் மாடியில் நடந்தது. நீள மேசை, சுவரில் திரை, கதவைத் திறக்கும்போதெல்லாம் கீழே ஒலிக்கும் தொலைபேசிகளின் சத்தம். விசாரணை அதிகாரி எதிரில், அழைப்பெடுத்த பெண் ஓரத்தில். சின்னப் பெண்தான். கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி பின்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் அந்தப் பூஜ்யம் முழங்கை நீளத்துக்குத் தெரிந்தது.

"விட்டது ஒண்ணுமில்லைன்னுதானே மேடம் இருக்கு?" என்றார் அதிகாரி. பதிலைக்கூட எதிர்பார்க்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இல்லை சார். ஒண்ணுமில்லைன்னு கார்டு சொல்லலை. கார்டு பதிலே சொல்லலை. பதில் சொல்லாத இடம் அப்படித்தான் தெரியும்."

அதிகாரியின் பேனா நின்றது. அவள் எண்ணியைப் பற்றியும், அதை எடுத்ததைப் பற்றியும், துடைத்த இடத்தைப் பற்றியும் சொன்னாள். அன்றைக்கு அந்த நேரத்தில் கம்பியில் கூட்டம் அதிகம் என்பது நகலிலேயே இருக்கிறது, இடம் நிரம்பி வழிந்திருக்கலாம் என்றாள். பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. முதலாளி எழுந்து, இந்தம்மா வீட்டில் சமீபத்தில் கொஞ்சம் கஷ்டம், அந்த மனநிலையில் ஏதோ பேசுகிறார்கள் என்று குழைந்தார்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியாயிடுச்சு சார். கார்டுக்குத்தான் இன்னும் ஆகலை."

யாரோ சிரித்து, இருமலாக்கி மழுப்பினார்கள். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ அந்தப் பாக்கெட்டை உங்க கார்டு விட்டிருக்கு. அப்படித்தானே?"

"தெரியாது சார்."

"விடலையா?"

"அதுவும் தெரியாது."

"என்ன மேடம் விளையாடறீங்களா? எழுதினது நீங்க. உங்களுக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி எழுதியிருந்த வரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு அந்த வரியைக் குறுக்கே அடித்தார். இந்த நகலை வைத்து அந்தப் பெண் அனுப்பினாள் என்றும் சொல்ல முடியாது, அனுப்பவில்லை என்றும் சொல்ல முடியாது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, வேலைக்குத் திரும்பலாம் என்று முடித்தார். முதலாளி அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று, நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

படிக்கட்டில் அழைப்பெடுத்த பெண் அவளைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து இவள் கூச்சத்தோடு நின்றாள்.

"விட்டுட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்," என்றாள் அந்தப் பெண். "வேலை குடுத்துட்டாங்க. ஆனா கீழ இருக்கிற எல்லாரும் இனிமே என்னை அப்படித்தான் பார்ப்பாங்க. அனுப்பினாளோ இல்லையோன்னு."

இவளுக்குச் சுருக்கென்றது. அது உண்மைதான். ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்தப் பெண் தலை நிமிர்ந்து கீழே போயிருப்பாள்.

"நீங்க அனுப்பினீங்கன்னுதான் நான் நம்பறேன்."

"அதை உள்ள சொல்லியிருக்கலாமே."

"நான் நம்பறதைக் கேக்க என்னைக் கூப்பிடலைம்மா. தெரிஞ்சதைக் கேக்கத்தான் கூப்பிட்டாங்க."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமாதானமாகவில்லை. கீழே தொலைபேசிகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. போக எடுத்த காலை நிறுத்தி, "மறுபடி இப்படி ஆச்சுன்னா? அப்பவாவது உங்க மெஷினுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்ட கேள்விதான். அதற்குச் சொல்ல இவளிடம் இருந்தது தெரியாது என்கிற அந்த ஒரே வார்த்தைதான். அதை இந்தப் பெண்ணிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல மூன்று மாடி ஏறி, தன் மேசைக்குப் போகாமல் நேரே ஏ.சி. அறைக்குள் போய், கார்டுக்காரருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்ணி திரும்ப உள்ளே வர வேண்டும் என்றாள். இடம் இல்லையே என்றார் அவர். கடிகாரத்தின் நுணுக்கத்தைக் குறையுங்கள் என்றாள். விற்பனைக்காரர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார் என்றார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கார்டுக்காரர் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு, அன்றைக்கு அந்த வரியை எடுத்தது நான்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அது எனக்குத் தெரியும், இப்போது கார்டின் வரைபடத்தைத் திறந்து காட்டுங்கள் என்றாள்.

கதவு திறந்தது. முதலாளி நின்றார்.

"உன்னை வர வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க சார். இந்தக் கார்டு இன்னும் நாலு இடத்துக்குப் போகும். அங்கயும் யாராவது ஒரு பொண்ணு பொத்தானை அழுத்திட்டு உக்காந்திருப்பா. அவளுக்குப் பதில் சொல்ற மாதிரி இதைச் செஞ்சு முடிச்சதும் போறேன்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கார்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சில்லின் வரைபடத்தைத் திரையில் விரித்திருந்தார். அவள் முதலாளியின் பக்கம் முதுகைக் காட்டி, எந்த மூலையில் இடம் பிடிக்கலாம் என்று விரலால் காட்ட ஆரம்பித்தாள்.